ஹம் காமாட்சி அம்பாள்: தேருக்குப் போவதா, சாதாரண வெள்ளிக்குப் போவதா?

ஜேர்மனியின் ஹம் நகரில் உள்ள காமாட்சி அம்பாள் கோயிலுக்கு முதன்முறை போகிறவர்கள் தேரைத்தான் மனத்தில் வைத்துப் புறப்படுகிறார்கள். தேர் பார்க்க வேண்டியதுதான். ஆனால் பிள்ளைக்கு நேர்த்தி இருக்கிறது, வயதான அம்மா ஆறுதலாக இருந்து கும்பிட வேண்டும், அர்ச்சனை செய்ய வேண்டும் என்றால் அதற்குச் சாதாரண நாள்தான் நல்லது. தேரன்று பத்தாயிரத்துக்கும் மேலே சனம். மூலஸ்தானத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்பதே பெரும்பாடு. வெள்ளிக்கிழமை காலைப் பூசைக்குப் போனால் குருக்கள் சொல்லும் மந்திரம் ஒவ்வொன்றும் காதில் விழும்.

இடத்தைக் கண்டதும் சிலருக்கு மனம் சோரும். ஏ2 நெடுஞ்சாலையில் ஹம்-உவென்ட்றோப்பில் இறங்கினால் தொழிற்பேட்டை. வீடு வாசல் குறைவு. அந்தத் தெரிவு எவ்வளவு சரியானது என்பது திருவிழாவில்தான் விளங்கும். 1989இல் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் தொடங்கிய வழிபாடு இது. குடியிருப்புத் தெருவில் தேர் ஊர்வலம் பெருக, அயலவர்கள் சத்தம், நெரிசல் என்று முறையிட்டார்கள். இங்கே மேளம் யாருடைய நித்திரையையும் குழப்பாது, சுவாமி வீதியுலா வர அகலமான தெரு உண்டு, தீர்த்தமாடக் கிட்டவே டற்றெல்ன்-ஹம் கால்வாய். 2002 யூலையில் குடமுழுக்கு. 17 மீட்டர் உயர இராசகோபுரத்தைச் செதுக்கியவர்கள் தமிழகச் சிற்பிகள். உள்ளே 27 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலத்தில் மண்டபம்; குளிர்காலத்திலும் பிரகாரம் சுற்றலாம். ஊரில் வெளிவீதியில் செய்வதையெல்லாம் கூரைக்குக் கீழே செய்ய இடம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் மதிப்பில் இந்தக் கட்டடத்தின் மிகப் பெரிய சிறப்பு அதுதான்.

அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளின் நட்சத்திரத்தில்தான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தில் இருப்பது இலங்கை நேரம். அதிலிருந்து குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலம், மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணித்தியாலம் கழிக்க வேண்டும். வருடம் முழுக்க நாலரை கழித்தால், நட்சத்திரம் மாறும் வேளையில் பிறந்த பிள்ளைக்குப் பக்கத்து நட்சத்திரம் விழுந்துவிடும். ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய ஒரு நாள் நிற்பதால் மற்றவர்களுக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது.

இராகுகாலம் வேறு கணக்கு. அது உள்ளூர்ச் சூரிய உதயத்தைப் பொறுத்தது. ஊர் வழக்கப்படி வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ள முடியாது. யூன் நடுவில் ஹம்மில் 5.10 அளவில் விடிந்து 21.50 அளவில் சூரியன் மறைகிறது. பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு இரண்டு மணித்தியாலத்துக்கும் மேல். வெள்ளிக்குரிய நாலாம் பங்கு 11.25இல் தொடங்கி 13.30 வரை போகும். திசெம்பரில் அதே பங்கு ஒரு மணித்தியாலம் தான். இராகுகாலத்தில் எலுமிச்சை விளக்கு ஏற்றப் போகிறவர்கள் இதைக் கணித்துக்கொண்டு போங்கள்.

தேங்காயை வீட்டுக்குக் கிட்ட வாங்குவதாக இருந்தால் குடுமியோடு வாங்குங்கள். ஐரோப்பியக் கடைகளுக்கு வரும் காய் கப்பலில் பல கிழமை கிடந்து வருவது. குடுமி வழித்த காயில் கண்ணுக்குள்ளால் காற்றுப் போய்ப் பூஞ்சணம் பிடித்துவிடும். உடைத்தால் உள்ளே மஞ்சளித்துப் புளித்த மணம் அடிக்கும். அர்ச்சனைத் தட்டில் அழுகல் காய் உடைந்தால் அம்மாமார் மனம் எவ்வளவு வருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. காதுக்குக் கிட்ட ஆட்டிப் பாருங்கள், தண்ணீர் நன்றாகத் தளம்ப வேண்டும். கண்ணைப் பெருவிரலால் அழுத்துங்கள். ஈரமோ மெத்தென்ற தன்மையோ இருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். கர்ப்பூரத்தை இறுக்கமான டப்பாவில் கொண்டுபோங்கள். கடதாசியில் சுற்றினால் அது காற்றோடு கரைந்து பாதியாகிவிடும்.

தேர் மே கடைசியிலோ யூனிலோ ஒரு ஞாயிறு வரும். அதற்குக் காலை வெள்ளெனவே போய்ச் சேருங்கள். பிந்தினால் வாகனத்தை எட்ட விட்டு நடக்க வேண்டும். அந்த நடை முதியவர்களுக்கு ஏலாது. காவடிகள், பாற்செம்பு, கர்ப்பூரச் சட்டி, தேருக்குப் பின்னால் அங்கப்பிரதட்சணம் என்று எல்லாம் தார்த்தெருவில். வெயில் ஏறினால் தார் காலைச் சுடும், சிதறுதேங்காய்ச் சிரட்டைத் துண்டு பாதத்தைக் கிழிக்கும். அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிக்கிறவர்களும் உருளுகிறவர்களும் தேங்காய் உடைக்கும் இடத்தைக் கூட்டிய பிறகு தொடங்குவது நல்லது. முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொள்ளலாம். அதனால் நேர்த்தி குறையாது. மழைக்கும் ஆயத்தமாகப் போங்கள். நனைந்த பட்டுச்சேலையோடு நாள் முழுக்க நின்று குளிர் பிடித்தவர்கள் பலர்.

நெரிசல் இல்லாமல் திருவிழா பார்க்க விரும்புகிறவர்கள் தீர்த்தத்துக்கு லீவு எடுத்துப் போங்கள். அம்பாள் கால்வாய்க்கு எழுந்தருளும் காட்சி மிக அழகு. அது சரக்குப் படகு ஓடும் கால்வாய், கரையிலேயே ஆழம். பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி மேலே நில்லுங்கள். தீர்த்தம் தெளிக்கும்போது ஒரு துளியாவது வந்து படும்.