என்ஐபிடி போதுமா, அம்னியோ வேண்டுமா? ரெயூனியன் கர்ப்பிணிகளுக்கு

கல்யாணமாகி காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ரெயூனியன் வந்த பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) இருக்கிறதா என்று பார்க்க, தாயின் ரத்தத்தில் செய்யும் என்ஐபிடி, பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் செய்யும் அம்னியோ இரண்டில் எந்த டெஸ்ட் நல்லது என்பது. ரெயூனியன் பிரான்ஸைச் சேர்ந்த தீவு, அதனால் இங்கே பிரான்ஸின் விதிகள்தான். டவுன் சிண்ட்ரோம் சோதனை கட்டாயமில்லை. எழுத்துச் சம்மதம் வேண்டும்.

முதலில் வருவது கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணி 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாளுக்குள் செய்யும் ஸ்கேனும் ரத்தச் சோதனையும். குழந்தையின் பிடரியில் தேங்கும் நீரின் கனம், தாயின் ரத்தத்தில் இரண்டு பொருள்களின் அளவு, வயது மூன்றையும் சேர்த்து, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பை ஒரு கணக்காகத் தருவார்கள். 700-ல் 1 என்று வந்தால் அதே நிலையிலுள்ள 700 பேரில் 699 பேரின் குழந்தைக்கு அது இல்லை. ஊரிலிருந்து போன் பண்ணும் அத்தைக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

கணக்கு 1,000-ல் 1-க்கும் 51-ல் 1-க்கும் நடுவில் இருந்தால் என்ஐபிடி. இங்கே காகிதத்தில் டிபிஎன்ஐ என்று இருக்கும். காப்பீடு செலவை ஏற்கும். கையில் ரத்தம் எடுப்பதோடு சரி. டவுன் சிண்ட்ரோமை நூற்றுக்கு 99 பிடித்துவிடும். ஆனால் பாசிட்டிவ் வந்தாலும் அது முடிவல்ல. ரத்தத்தில் மிதக்கும் அந்த டி.என்.ஏ. நஞ்சுக்கொடியிலிருந்து வருவது, அது சில சமயம் குழந்தையோடு ஒத்துப்போகாது.

50-ல் 1 அல்லது அதற்கு மேல், இல்லை பிடரி நீர் 3.5 மி.மீ. தொட்டால், நேராக அம்னியோ பற்றிப் பேசுவார்கள். 15 வாரத்துக்குப் பிறகு ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் 15-20 மில்லி பனிக்குட நீரை உறிஞ்சுவார்கள். கரு கலையும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

என்ஐபிடியில் எல்லாம் தெரிந்துவிடும் என்பது தப்பு. பரம்பரையாக வரும் ரத்த நோயான தலசீமியாவை அது பார்ப்பதில்லை. கணவன், மனைவி இருவரும் கேரியரா (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவரா) என்று ஹீமோகுளோபின் சோதனை சொல்லும். ஆம் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு அந்த நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு, உறுதிக்கு அம்னியோ போன்ற ஊசிச் சோதனைதான். மாமா மகன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே மருத்துவச்சியிடம் சொல்லுங்கள், அவராகக் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள்.

(ஆணா பெண்ணா என்பதை இங்கே ஸ்கேனில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் 1994 சட்டப்படி அது குற்றம்.)

குணமாகாத கடுமையான பாதிப்பு உறுதியானால், மருத்துவர் குழுவின் ஒப்புதலோடு கர்ப்பத்தை முடிக்கப் பிரெஞ்சுச் சட்டத்தில் வார வரம்பு இல்லை. அதனால் நாள் போய்விடும் என்ற பயத்தில் மட்டும் என்ஐபிடியை விட்டு அம்னியோவுக்கு ஓட வேண்டியதில்லை.