கூந்தன்குளத்தில் 500 எம்.எம். எதற்கு? நிக்கான் 200-500 லென்ஸ் மதிப்பீடு

பறவைப் படத்துக்கு நீள லென்ஸ்தான் வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பறவைச் சரணாலய ஊரான கூந்தன்குளத்தில் அந்தப் பேச்சு பாதிதான் எடுபடும். இங்கே மஞ்சள் மூக்கு நாரை குளத்துக்குள் நிற்கும் கருவேல மரத்தில் மட்டுமா கூடு கட்டுகிறது? தெருவோர வேம்பிலும், வீட்டுக் கொல்லைப் புளியிலும் கட்டுகிறது. பக்கத்து வீட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) ஏறி நின்றால் கூடு கண் மட்டத்தில் இருக்கும். தூரம் 15 முதல் 20 மீட்டர். அங்கே நிக்கானின் ஏ.எஃப்-எஸ் 200-500 எம்.எம். எஃப் 5.6 வி.ஆர். லென்ஸை மாட்டிப் பார்த்தால் ஒன்று தெரிந்துவிடும்: காசு கொடுத்து வாங்குவது மிக நெருக்கிக் காட்டும் 500 முனைக்காக; இந்த ஊரில் கைகொடுப்பது அகலமாகக் காட்டும் 200 முனை.

2015இல் வந்த லென்ஸ் இது. உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுகிறவர்கள் கழித்துவிடுவதால் பழைய சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. டி7200, டி7500, டி500, டி750 என்று ஏதாவது ஒரு நல்ல நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். (கண்ணாடி உள்ள பழைய வகைக் கேமரா) வீட்டில் சும்மா இருந்தால் அதற்குப் பொருத்தமான ஜோடி. புதிதாக எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கப் போகிறவர்களுக்கு வேறு வழி உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் கணக்கு. டி500, டி7500 மாதிரிக் கேமராக்களில் இருக்கும் சிறிய அளவு டிஎக்ஸ் சென்சாரின் அகலம் சுமார் 23.5 எம்.எம். அதைத் தூரத்தால் பெருக்கி லென்ஸின் எண்ணால் வகுத்தால் ஃபிரேமுக்குள் எத்தனை மீட்டர் அடங்கும் என்று வந்துவிடும். 20 மீட்டரில் 500 வைத்தால் அடங்குவது 94 சென்டிமீட்டர். மஞ்சள் மூக்கு நாரை இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல். கூழைக்கடா இரண்டு மீட்டரைத் தாண்டும். அதாவது கூட்டில் வந்து இறங்கும் நாரையை 500இல் எடுத்தால் இரண்டு இறக்கையும் வெட்டுப்பட்டுத்தான் வரும். அதே இடத்தில் 200க்கு இறக்கினால் 2.35 மீட்டர் கிடைக்கிறது; நாரை முழுதாக அடங்கி, கூட்டுக் குச்சியும் இரண்டு குஞ்சும் உள்ளே வரும். 500 முனைக்கு வேலை வருவது 40 மீட்டருக்கு அப்பால்தான். அங்கே 1.88 மீட்டர் அடங்கும், பறக்கும் நாரைக்கு மட்டுமட்டாகச் சரி. குளத்து நடுவில் நிற்கும் கரண்டிவாயனுக்கும், குளிர்காலத்தில் வந்து சேரும் வரித்தலை வாத்துக்கும் 500 கண்டிப்பாக வேண்டும். 600 எம்.எம். ஒற்றை லென்ஸைத் தூக்கிக்கொண்டு இந்தத் தெருவுக்குள் வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பின்னால் நகர இடமில்லை, சுவர்.

ஜூம் வேண்டும் என்பதற்கு உச்சி வெயில்தான் நல்ல சாட்சி. பதினொரு மணிக்கு மேல் தாய் நாரை வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, இறக்கையைப் பாதி விரித்து, குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். இறக்கை ஓரத்தில் வெயில் ஊடுருவி இறகுத் தண்டுகள் ஒவ்வொன்றும் தெரியும்; கீழே நிழலில் குஞ்சுகள் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். இந்தக் காட்சிக்கு 20 மீட்டரில் டிஎக்ஸ் பாடிக்கு 280 முதல் 320 வரை. கூட்டைச் சுற்றியுள்ள கிளையும், ஓரமாகத் தெரியும் ஓட்டுக் கூரையும் வேண்டுமென்றால் 200. தலையை மட்டும் நெருக்கி எடுத்த படம் எந்த ஊர்ப் படமாகவும் இருக்கலாம். ஓட்டுக் கூரையும் நாரையும் ஒரே ஃபிரேமில் இருந்தால் அது கூந்தன்குளம்.

இந்தச் சீமைக்கு இது புதிய பாடமும் இல்லை. 1912இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படத்தின் முன்னோடிகளில் ஒருவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒட்டுப்போட்ட கனத்த கேமரா ஒன்றை வைத்திருந்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலியாகப் பெயரும் வைத்தார். கடைசிவரை கறுப்பு வெள்ளை. அவர் எடுத்த யானைப் படங்களில் காடும் சேர்ந்தே நிற்கும். 1970இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கே நின்று எவ்வளவு இடத்தை உள்ளே விடுவது என்று முடிவெடுத்தது அவர் கண்தான், அந்த ஒட்டுப்போட்ட பெட்டி இல்லை.

சரி, லென்ஸுக்கு வருவோம். இதன் பெரிய பலம் 200 முதல் 500 வரை அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) மாறாமல் எஃப் 5.6இலேயே நிற்பது. மேனுவலில் ஒரு எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) வைத்துவிட்டால் ஜூமை எப்படித் திருப்பினாலும் அது கெடாது. வெள்ளைப் பறவைக்கு இது சின்ன விஷயமில்லை. முழு வெயிலில் எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 400 என்றால் சாதாரணப் பொருளுக்கு ஷட்டர் 1/3200 நொடி சரி. நாரையின் வெள்ளை முதுகுக்கும் அரிவாள் மூக்கனுக்கும் அது அதிகம். 1/4000 முதல் 1/5000 வரை போனால்தான் இறகின் வரி நிற்கும். காலை ஏழு மணி வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 800, 1/1600 என்று தொடங்கி, ஒரு படம் எடுத்து, திரையில் வெளுத்த இடம் மினுக்குகிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். நாரையின் சிறகடிப்பு மெதுவானது, 1/1250 போதும். நீலச்சிறகி மாதிரி வாத்துக்கு 1/2500க்குக் குறையக் கூடாது.

ஆட்டோவில் எடுக்கிறவர்கள் இரண்டு பக்கமும் அடிவாங்குவார்கள். பறவை வானத்தின் மேல் போகும்போது மீட்டர் வானத்தைப் பார்த்து அதைக் கருப்பாக்கிவிடும், எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை ஏற்ற வேண்டும். அதே பறவை இருண்ட மரத்துக்கு முன்னால் வந்ததும் வெள்ளை பொசுங்கிப்போகும், -0.7 வேண்டும். இரண்டுக்கும் நடுவே இரண்டு நொடிதான். ஆகவே மேனுவல்தான் நல்லது. டி750, டி500, டி7500 பாடிகளில் வெளிச்சப் பகுதிக்கு முன்னுரிமை தரும் மீட்டரிங் முறை உண்டு. மேனுவலுக்குப் பயப்படுகிறவர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

கூர்மை 500இல் எஃப் 5.6இலேயே நன்றாக இருக்கிறது. எஃப் 8க்கு மூடினால் கொஞ்சம் கூடும். மூட வேண்டிய காரணம் வேறு. 20 மீட்டரில், 500இல், எஃப் 5.6இல் டிஎக்ஸ் பாடிக்குக் கூர்மை நிற்கும் ஆழம் சுமார் 36 சென்டிமீட்டர். தாயின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் பின்னால் நிற்கும் குஞ்சு மங்கிப்போகும். எஃப் 8இல் அது அரை மீட்டருக்குச் சற்று மேல். 200க்கு இறக்கினால் எஃப் 5.6இலேயே இரண்டு மீட்டரைத் தாண்டுகிறது. கூடு முழுக்கத் தெளிவாக வேண்டும் என்பவர்களுக்கு இங்கேயும் 200தான் பதில்.

இனி, லென்ஸின் தலையில் அநியாயமாகக் கட்டப்படும் ஒரு பழி. ‘500 சாஃப்டா இருக்கு’ என்று விற்கப்படும் லென்ஸ்களில் பல, வெக்கையில் எடுத்துப் பார்க்கப்பட்டவை. காலை ஒன்பதரைக்கு மேல் குளத்தங்கரை மண் சூடேறி, காற்று அலையடிக்கத் தொடங்கும். 80 மீட்டரில் இருக்கும் பூநாரையின் கால் நெளிந்து, ஓரம் இரட்டைக் கோடாக வரும். ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடும். சோதிப்பது சுலபம். அசையாமல் நிற்கும் பறவையைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் குழைந்திருந்தால் காற்று. பத்தும் ஒரே மாதிரி மங்கி, பறவைக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தள்ளியிருக்கிறது. டி7000 வரிசையிலும் அதற்கு மேலும் மெனுவில் ஏ.எஃப். ஃபைன் டியூன் இருக்கிறது, திருத்திக்கொள்ளலாம். டி3000, டி5000 வரிசைகளில் அந்த வசதி இல்லை. ஏ.சி. ஓடும் கார் ஜன்னலை இறக்கி எடுப்பதும் இதே குழைவைத்தான் தரும். உள்ளேயிருக்கும் குளிர்காற்றும் வெளியே இருக்கும் அனலும் லென்ஸுக்கு முன்னாலேயே கலக்கின்றன. வெக்கை ஏறியதும் தூரப் பறவையை விட்டுவிட்டுத் தெருவுக்குள் வந்துவிடுவது புத்திசாலித்தனம். 20 மீட்டரில் காற்று அவ்வளவு கெடுக்காது.

குறைகளில் முதலாவது கனம். முக்காலியில் மாட்டும் காலரோடு 2,300 கிராம், பாடியும் சேர்ந்தால் மூன்று கிலோ. தட்டட்டியில் பத்து நிமிடம் தூக்கிப் பிடித்தாலே இடது மணிக்கட்டு சொல்லிவிடும். மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) இல்லாமல் வாங்காதீர்கள். காலரின் அடிப்பாதம் முக்காலிகளில் வரும் ஆர்க்கா வகைத் தலையில் நேராக உட்காராது, தனியாக ஒரு பிளேட் மாட்ட வேண்டும். கேமராவின் வாரைக் கழுத்தில் போட்டு லென்ஸைத் தொங்கவிட்டு நடப்பது, லென்ஸும் கேமராவும் சேரும் மவுண்ட்டுக்குக் கேடு. அடிப்பாதத்தைப் பிடித்துத் தூக்கிப் பழகுங்கள்.

இரண்டாவது, ஜூம் வளையம். 200இலிருந்து 500 வரை ஒரே திருப்பில் போகாது, கையை மாற்றிப் பிடிக்க வேண்டும். குளத்திலிருந்து கூட்டுக்கு வரும் நாரையை 500இல் பிடித்துத் தொடர்ந்து, இறங்கும்போது 200க்கு வந்துவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. முதலிலேயே 250இல் வைத்து, கூட்டின் விளிம்பில் ஃபோகஸ் பிடித்து வைத்துக் காத்திருப்பதே வழி. பறவை வருவதைக் குஞ்சுகளின் இரைச்சல் முன்கூட்டியே சொல்லிவிடும்.

ஃபோகஸ் மோட்டார் நடுத்தர வேகம். ஒருமுறை பின்னால் இருக்கும் இலைக்குப் போய்விட்டால் திரும்பி வர நேரமாகும். 6 மீட்டர் முதல் முடிவிலி வரை என்று வரம்பு வைக்கும் பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது, கூந்தன்குளத்தில் அதை எடுக்கவே வேண்டாம். (வரப்பில் தும்பி எடுக்கப் போகும்போது மட்டும் எடுத்துவிடுங்கள். 2.2 மீட்டர் வரை நெருங்கும் லென்ஸ் இது. தும்பிக்கு அருமையாக இருக்கும் என்று பலருக்குத் தெரியாது.) கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வி.ஆர். பொத்தானில் நார்மல், ஸ்போர்ட் என இரண்டு உண்டு. உட்கார்ந்த பறவைக்கு நார்மல், பறப்பதைத் தொடர்ந்தால் ஸ்போர்ட். ஷட்டர் 1/2000 தாண்டினால் அணைத்துவிட்டாலும் குற்றமில்லை.

மூன்றாவது, ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீள்வதால் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கிறது. தேரிக்காட்டுச் செம்மண்ணிலும் குற்றாலச் சாரலிலும் இது நல்லதற்கில்லை. மழைக்குத் தாங்கும் முழு அடைப்பு இதில் கிடையாது. மவுண்ட்டில் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவே. சாரல் காலத்தில் எடுத்துவிட்டு வந்தால் குழலை முழுதாக நீட்டி, துடைத்து, மின்விசிறிக்கு எதிரில் உலரவிட்டு, பிறகு உள்ளே தள்ளுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில், ஈரப்பதமானி 40க்கும் 50க்கும் இடையில் காட்டும்படி வைத்தால் பூஞ்சை வராது. பீரோவில் துணிக்கு நடுவே சுற்றி வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து.

எச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாரைக் கூட்டுக்கு அடியில் நிற்கிறீர்கள், விழத்தான் செய்யும். லென்ஸ் கண்ணாடியில் விழுந்தால் கைக்குட்டையால் தேய்க்காதீர்கள். அதில் இருக்கும் மீன்முள் துணுக்கும் காய்ந்த துகளும் கோட்டிங்கைக் கீறிவிடும். தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியை மேலே போட்டு ஊறவைத்து ஒற்றி எடுங்கள். 95 எம்.எம். ஃபில்டர் போடுவதாக இருந்தால் தரமானதாகப் போடுங்கள், மலிவான ஃபில்டர் 500இல் கூர்மையைக் கெடுத்துவிடும். ஹூட் ஓரளவு காக்கும். ஆனால் நாளாக ஆக அதன் பிடி தளர்ந்து கழன்று விழுவது இந்த லென்ஸில் பரவலாகச் சொல்லப்படும் குறை. கறுப்பு டேப் ஒரு சுற்று ஒட்டிக்கொள்ளுங்கள்.

பழையது வாங்கும்போது முதல் கேள்வி, உங்கள் பாடி ஏற்குமா என்பது. இதன் அபெர்ச்சர் மின்சாரத்தால் இயங்குவது. டி90, டி80, டி60, டி3000 போன்ற பழைய பாடிகளிலும் ஃபிலிம் கேமராவிலும் அபெர்ச்சர் கட்டுப்பாட்டுக்கு வராது. நிக்கானின் மிரர்லெஸ் இசட் வரிசைப் பாடிகளில், பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்.டி.இசட். அடாப்டரோடு ஆட்டோ ஃபோகஸ், வி.ஆர். இரண்டும் வேலை செய்யும். அடுத்து, இருட்டறையில் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கம் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் மாதிரிக் கிளை பிரிந்திருந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். குழலை 500க்கு நீட்டி மெதுவாக ஆட்டிப் பாருங்கள், அதிகம் தளர்ந்திருக்கக் கூடாது. ஜூம் பூட்டு 200இல் மட்டும்தான் விழும், அது பழுதில்லை. கடைசியாக, வெளியே வந்து ஓடும் பைக் ஒன்றைத் தொடர் ஃபோகஸில் 500இல் முப்பது படம் எடுத்துப் பாருங்கள். கடைக்குள் நின்று சுவர்க் காலண்டரை எடுத்துக் கூர்மை பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது.

மாற்று? கனம்தான் கவலை என்றால் சிக்மா 150-600 கன்டெம்பரரி. கொஞ்சம் இலகு, இந்தத் தெருவுக்கு 150 முனையும் நல்லதுதான். ஆனால் நீள முனையில் எஃப் 6.3 ஆகிவிடும், விடிகாலையில் அது தெரியும். புதிதாக மிரர்லெஸ் வாங்குகிறவர்கள் நிக்கான் இசட் 180-600 பார்க்கலாம். 2023இல் வந்தது, ஜூம் செய்தாலும் குழல் நீளாது, வளையமும் கொஞ்சம் திருப்பினாலே போதும். மேலே சொன்ன இரண்டு குறை அதில் இல்லை, விலை வேறு. 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டரை இந்த 200-500இல் மாட்டி 700 ஆக்குவது கூந்தன்குளத்தில் வீண் செலவு. எஃப் 8 ஆகி ஃபோகஸ் தடுமாறும், கூடவே வெக்கை.

வாங்குமுன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது உத்தமம். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகச் சுமார் 38 கிலோமீட்டர். 1994இலிருந்து சரணாலயம், இப்போது உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது; ட்ரோன், ஃபிளாஷ் பேச்சே கூடாது. பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். தட்டட்டிக்கு ஏறுமுன் வீட்டுக்காரரைக் கேளுங்கள், கூட்டுக்கு நேரே எழுந்து நிற்காமல் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து எடுங்கள். பெரிய பறவை பதறி எழுந்தால் குஞ்சு கீழே விழும். இன்னொன்று: கூடு கட்டுவது குளத்துத் தண்ணீரைப் பொறுத்தது. மணிமுத்தாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்து குளம் பெருகிய ஆண்டில் ஜனவரிக்குப் பிறகு மரமெல்லாம் நாரை. வராத ஆண்டில் வெறும் மரம். வாடகை முன்பணம் கட்டுமுன் ஊரில் யாருக்காவது ஒரு போன் போட்டு, ‘அண்ணாச்சி, குளத்துல தண்ணி கிடக்கா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.