ஆளுக்கொரு டேப்லெட்டா, அறைக்கொரு சர்வரா?

எழுத்தறிவு மையம் ஒன்றுக்குக் கருவிகள் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது இரண்டு வழிகள் இருந்தன. பிள்ளைக்கு ஒன்றாக சிம் போட்ட டேப்லெட் கொடுப்பது ஒன்று. பாடங்களையும் கதைப் புத்தகங்களையும் ஏற்றிய சிறிய சர்வரை அறையில் வைத்து, இணைய இணைப்பே இல்லாமல் வைஃபை வழியாகப் பழைய செல்பேசிகளிலும் கணினிகளிலும் படிக்க வைப்பது மற்றொன்று. முதல் வழியில் ஓராண்டு நடந்துவிட்டு இரண்டாவதற்கு மாறினோம்.

டேப்லெட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், சர்வர் அறையை விட்டு நகராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். லித்தியம்-அயன் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் தேயத் தொடங்கும். எங்கள் டேப்லெட் ஒன்றில் அது உப்பி, திரையின் ஓரத்தை நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிவிட்டது. பசை போட்டு ஒட்டிய பேட்டரி என்பதால் மாற்றவும் வழியில்லை. அதை வைத்திருந்த சிறுமியின் வாசிப்பு அன்றோடு நின்றது. அதுவரை அவள் செய்த பயிற்சிகளின் பதிவும் அந்தக் கருவியோடு போயிற்று.

இப்போது எங்கள் சர்வராக இருக்கும் ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினியில் கோலிப்ரி, கிவிக்ஸ் என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் ஓடுகின்றன. கிவிக்ஸ் தமிழ் விக்கிப்பீடியாவை இணையமின்றித் திறந்து காட்டுகிறது. பாடங்களையும் பயிற்சிகளையும் தரும் கோலிப்ரியில் ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றமும் சர்வரிலேயே பதிவாவதால், கையிலிருந்த செல்பேசி உடைந்தாலும் வேறொன்றில் தன் பெயரில் நுழைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புதிய பாடங்களையும் ஒரே இடத்தில் ஏற்றினால் போதும்.

பழுது ஓரிடத்தில் குவிவது இதன் பலவீனமும்கூட. மின்சாரம் திடீரென்று போனால், சர்வரின் பாடங்களும் பதிவுகளும் இருக்கும் மெமரி கார்டு கெடக்கூடும். எங்களுக்கு இருமுறை கெட்டது. முழு நகல் எடுத்த மாற்றுக் கார்டு மேசை இழுப்பறையில் இருந்ததால், இரண்டாம் முறை ஆசிரியையே அதைச் செருகி வகுப்பைத் தொடர்ந்தார். கடைசியாக நகல் எடுத்த பிறகு பதிவானவை மட்டும் தொலைந்தன. அதனால் இப்போது வாரந்தோறும் நகல் எடுக்கிறோம்.

கருவியைக் கையில் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை என்பதற்குப் பெரு நாட்டு அனுபவமும் சான்று. 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தின்கீழ் அங்கே லட்சக்கணக்கில் மடிக்கணினிகள் வழங்கப்பட்டும், கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்றில்லை என்று 2012இல் வெளியான ஆய்வு கண்டது. பழுதையும் பாடத்தையும் ஆசிரியரே கையாளும் ஏற்பாட்டை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைகள் என்பதால், முதன்முதலாக எழுத்துப் பழகும் பெரியவர்களுக்கும் இதுவே ஏற்றது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அப்படி வந்த மூவரும் பிள்ளைகள் நடுவே தடுமாறக் கூச்சப்பட்டு, வீட்டில் தனியே பழகவே விரும்பினார்கள். மீந்திருந்த டேப்லெட்டுகளில் மூன்றை அவர்களுக்கென ஒதுக்கியிருக்கிறோம்.