வென்டிலேட்டரா, வேனா, ஒரு டிராயரா?

கடலூரில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனை பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. கேஷுவாலிட்டி என்கிற அவசரப் பிரிவுக்கு ராத்திரியில் வருவது நெஞ்சுவலி, பைக்கில் விழுந்தவர், பூச்சிமருந்து குடித்தவர். உயிருக்குப் போராடும் குழந்தை 10 நாளைக்கு ஒன்று வந்தாலே அதிகம். அந்த ஒன்று வரும்போது பழம்பெரும் சிஸ்டருக்கும் கை நடுங்கும்.

போன மாதம் நிர்வாகம் குழந்தைகளுக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கி, எதில் போடலாம் என்று கேட்டது. குழந்தைகள் டாக்டர் வென்டிலேட்டரோடு 2 படுக்கை ஐ.சி.யூ. கேட்டார். மேனேஜர், "புதுச்சேரி ஜிப்மர் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துலதானே இருக்கு, நல்ல ஆம்புலன்ஸ் ஒண்ணு வாங்கிடலாம்" என்றார். நான் கேட்டது டிராயர் வைத்த டிராலி ஒன்று, அதற்குப் பொறுப்பாக ஒரு ஆள், வாரத்தில் 20 நிமிடம் ஒத்திகை. கூட்டத்தில் சிரித்தார்கள்.

முதலில் வேன். மேனேஜர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. புதுச்சேரி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் ஜிப்மர் இருப்பது ஊரின் அந்தக் கோடியில், கோரிமேட்டில். ரெட்டிச்சாவடி, கன்னியகோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம் எல்லாம் தாண்டி, இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை நெரிசலையும் கடந்துதான் அங்கே போக முடியும். சாயந்திரத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று இந்த ரூட்டில் போனவர்களுக்குத் தெரியும். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலே மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும். மூச்சு நின்ற குழந்தையின் மூளை அந்த 5 நிமிடம்கூடக் காத்திராது. சைரன் போட்டால் வண்டிதான் வேகமாகப் போகும், பிள்ளைக்கு மூச்சு வராது. மழைக்காலம் வேறு இருக்கிறது. 2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் என்று புயல் வந்தால் இந்தக் கரைக்குத்தான் வருகிறது. தென்பெண்ணை கரைபுரண்ட நாளில் ரெஃபர் சீட்டு எழுதி என்ன பயன்?

ஆனால் தலைக்காயம், ஆபரேஷன், நாள்கணக்கில் வென்டிலேட்டர் என்றால் வேனைத் தவிர வழியே இல்லை. மூச்சை நிலைப்படுத்தி, மருந்து ஏற்ற நரம்பில் லைன் போட்டு, அங்கே போன் செய்து சொல்லிவிட்டு அனுப்பினால் அது சிகிச்சையின் ஒரு பகுதி. வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்குப் பெயர் வேறு.

ஐ.சி.யூ. பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மெஷினைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். சின்னக் குழந்தையின் நுரையீரலுக்கு அதை ஓட்டத் தெரிந்தவர் 3 ஷிஃப்டுக்கும் வேண்டும். 10 நாளைக்கு ஒரு குழந்தை வருகிற இடத்தில் அந்தத் திறமை எங்கே தங்கும்? மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் நானே ஐ.சி.யூ.வுக்குத்தான் கை தூக்கியிருப்பேன். எங்கள் இடத்தில் அது உறை போட்டு மூடி வைக்கிற சாமான்.

இனி டிராயர். குழந்தைக்கு எல்லா மருந்தும் எடைக் கணக்கு. இதயம் நின்றால் அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மி.கி. எங்களிடம் உள்ள ஆம்ப்யூலில் (சின்னக் கண்ணாடிக் குப்பி) 1 மில்லியில் 1 மி.கி. இருக்கிறது. அதை 10 மில்லியாகக் கலக்கி, 10 கிலோ குழந்தைக்கு 1 மில்லி கொடுக்க வேண்டும். பதற்றத்தில் கலக்காமல் அதே 1 மில்லியை ஏற்றினால் 10 மடங்கு. இந்தக் கணக்கை அம்மா அழும் சத்தத்துக்கு நடுவில் மனதுக்குள் போடச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு எடைக்கும் ஒரு டிராயர், அதற்குள் அந்த அளவு மாஸ்க், டியூப், நரம்பில் குத்தும் வென்ஃப்ளான், எத்தனை மில்லி என்று எழுதி ஒட்டிய அட்டை. நான் கேட்பது இவ்வளவுதான்.

சரி, எடையை எப்படித் தெரிந்துகொள்வது? வயதை வைத்துப் போடும் கணக்கு உண்டு: வயதோடு 4 கூட்டி 2-ஆல் பெருக்கு, 5 வயதுக்கு 18 கிலோ. எங்களிடம் வரும் குப்பத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அந்த 18-ஐத் தொடுவதில்லை. பக்கத்தில் படுக்க வைத்து நீளத்தை அளந்து எடை சொல்லும் வண்ணப் பட்டை ப்ரோஸ்லோ டேப். வேகத்தில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் 10 கிலோவுக்கு மேலான இந்தியக் குழந்தைகளுக்கு அது எடையைக் கூட்டிச் சொல்கிறது. ஒல்லியான பிள்ளை என்றால் நான் ஒரு வண்ணம் கீழே இறங்கிவிடுவேன். எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவைக் கேட்பேன். "போன மாசம் பால்வாடியில 11 கிலோன்னு எழுதினாங்க சிஸ்டர்" என்று பதில் வந்தால் டேப்பைச் சுருட்டி வைத்துவிடலாம். தராசு நல்லதுதான், வலிப்பில் துள்ளும் பிள்ளையை அதில் நிறுத்துவது யார்?

எடைக் கணக்குக்கு அடங்காத ஒன்றைச் சிவப்பு மையில் எழுதி டிராலி மேல் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து பெரியவருக்கு எத்தனை குப்பியோ அத்தனை குப்பிதான் குழந்தைக்கும். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. சின்ன உடம்பு என்று பாதி கொடுத்துவிட்டுக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பயிற்சியிலும் இரண்டு கட்சி. சென்னைக்கு அனுப்பி 2 நாள் வகுப்பு, கையில் சர்டிஃபிகேட். நல்ல வகுப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சர்டிஃபிகேட் 2 வருடம் செல்லும், கைப்பழக்கம் சில மாதத்திலேயே மங்கிவிடும். (வகுப்புக்குப் போன சிஸ்டர் அடுத்த வருடம் கல்ஃபுக்குப் பறந்துவிடுவது தனிக்கதை.) இன்னொன்று, நம் தரையிலேயே, நம் சாமானை வைத்து, பொம்மையைக் கிடத்திச் செய்யும் ஒத்திகை. முதல் தடவை செய்தபோது கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் அம்பு பேக்குக்குக் குழந்தை அளவு மாஸ்க் எங்கே என்று தேடினோம். ஆபரேஷன் தியேட்டர் பீரோவில் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் லீவு. எந்த வகுப்பும் இதைக் கண்டுபிடித்துக் கொடுக்காது.

"டிராயருக்கு என்ன ஆதாரம்?" என்று மேனேஜர் கேட்டார். அமெரிக்காவில் 2013-ல் 4,000-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளைக் குழந்தைகளுக்கு எவ்வளவு தயார் என்று 100-க்கு மதிப்பெண் போட்டார்கள். பொறுப்பாளர் உண்டா, கிலோவில் எடை எழுதுகிறார்களா, சாமான் இருக்கிறதா, ஊழியர் தேர்ச்சியைச் சோதிக்கிறார்களா என்பது மாதிரிக் கேள்விகள். அந்த மதிப்பெண்ணை வைத்து, தீவிர நிலையில் வந்த குழந்தைகளின் கணக்கை 2019-ல் வெளியிட்டார்கள். கடைசிக் கால்பங்கு மருத்துவமனைகளில் இறப்பு 11.1 சதவீதம், முதல் கால்பங்கில் 3.4. அது அவர்கள் ஊர்க் கணக்கு, அப்படியே இங்கே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்ட கேள்விகளில் பல, பெரிய பணம் தேவைப்படாதவை.

கடைசியில் வேன் வாங்குவதாக முடிவு. எனக்குப் பழைய டிரெஸ்ஸிங் டிராலி ஒன்று கிடைத்தது, பெயின்ட் அடித்து டிராயர் பொருத்திவிட்டோம். ஸ்டோரிலிருந்து வந்து, "பூட்டு எந்த சைஸ் வேணும் சிஸ்டர்?" என்று கேட்டார்கள். பூட்டே வேண்டாம், இழுத்தால் அறுந்துவிடுகிற பிளாஸ்டிக் சீல் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.