மோட்டார்ஹோம் கூரை சோலாரிலிருந்து பவர் ஸ்டேஷனுக்கு நேரடி சார்ஜ்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டது

கூரையில் ஏற்கெனவே சோலார் பேனல் இருக்கிறது, அதிலிருந்தே போர்ட்டபிள் பவர் ஸ்டேஷனை (பேட்டரி, சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கியது) சார்ஜ் செய்ய முடியுமா, இல்லை தனியாக ஒரு மடக்குப் பேனல் வாங்கியே ஆக வேண்டுமா? மோட்டார்ஹோம் வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது. தாராளமாக முடியும். பிரிட்டனில் நாங்கள் சில ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம், மடக்குப் பேனல் வாங்கவே இல்லை. ஆனால் எந்த வழியில் இணைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பலன் தலைகீழாக மாறும்.

எங்கள் வண்டியின் கூரையில் 175 வாட் பேனல்கள் இரண்டு, படுக்கை வாக்கில் ஒட்டியிருக்கின்றன. உள்ளே ஒரு எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலின் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது), இருக்கைக்கு அடியில் 100 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் பேட்டரி, அதாவது மூடிய ஈய பேட்டரி. விளக்கு, தண்ணீர் பம்பு, ஹீட்டரின் விசிறி எல்லாம் அதில் ஓடுகின்றன. பவர் ஸ்டேஷன் சுமார் 1 கிலோவாட்-அவர் கொள்ளளவு, எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, 12 கிலோ எடை. இனி பெட்டி என்று சொல்வது இதைத்தான். சாதம், சட்னி, மடிக்கணினி எல்லாம் அதன் பொறுப்பு.

பலரும் முதலில் செய்வது வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் பெட்டியைச் செருகுவது. வேலை செய்யும், ஆனால் நத்தை வேகம். அந்த வழியில் பெரும்பாலான பெட்டிகள் 8 ஆம்பியருக்கு மேல் இழுப்பதில்லை, அதாவது 100 வாட்டை ஒட்டித்தான். 1 கிலோவாட்-அவர் நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைவிட முக்கியமானது, இந்தக் கரண்ட் வண்டி பேட்டரியிலிருந்து வருகிறது. 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரியில் நிம்மதியாக எடுக்கக்கூடியது பாதிதான், சுமார் 600 வாட்-அவர். மேகம் கூடிய நாளில் பவர் ஸ்டேஷன் நிரம்புவதற்குள் வண்டி பேட்டரி படுத்துவிடும், ராத்திரி ஹீட்டர் ஓடாது.

இரண்டாவது வழி இன்வெர்ட்டர். வண்டி பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர், அதிலிருந்து பவர் ஸ்டேஷனின் ஏசி சார்ஜர். பேனல் பொருத்தித் தந்த பட்டறையில் எங்களுக்குச் சொன்ன யோசனையும் இதுதான். நான் யாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். டிசியை ஏசியாக்கி, மறுபடி டிசியாக்கி, நடுவே ஒரு பேட்டரியையும் கடந்து வருவதற்குள் கால்வாசி மின்சாரம் சூடாகப் போய்விடும். போதாததற்கு, இன்றைய பெட்டிகளின் ஏசி சார்ஜர் 1,200 வாட் வரை இழுக்கக்கூடியது. 12 வோல்ட் பக்கத்தில் அது 100 ஆம்பியர்! பெட்டியின் கைபேசிச் செயலியில் சார்ஜிங் வேகத்தைக் குறைத்து வைக்காவிட்டால் ஃபியூஸ் தாங்காது.

மூன்றாவது, நாங்கள் வைத்திருப்பது: பேனலிலிருந்து இறங்கும் வயரை கன்ட்ரோலருக்குப் போகும் முன்பே ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்குக் கொண்டுவருவது. ஒரு பக்கம் திருப்பினால் வண்டியின் கன்ட்ரோலர், மறுபக்கம் பவர் ஸ்டேஷன், நடுவில் ஆஃப். பவர் ஸ்டேஷனுக்குள்ளேயே எம்பிபிடி இருப்பதால் வேறெதுவும் தேவையில்லை. பேனல் வயரின் எம்சி4 முனையிலிருந்து பெட்டியில் செருகும் எக்ஸ்டி60 முனைக்கு ஒரு கேபிள் போதும். சுவிட்ச் டிசிக்கு உரியதாக, பிளஸ் மைனஸ் இரண்டையும் சேர்த்து மாற்றுவதாக இருக்க வேண்டும். வீட்டு ஏசி சுவிட்சைப் போடவே போடாதீர்கள், டிசி தீப்பொறி அதில் அணையாமல் நின்று எரியும். ஒரே பேனலில் இரண்டு கன்ட்ரோலர்களை ஒரே நேரத்தில் இணைப்பதும் கூடாது. இரண்டும் தத்தம் வோல்டேஜுக்கு பேனலை இழுக்கப் பார்க்கும், இரண்டுமே உருப்படியாக வேலை செய்யாது.

இனி வோல்டேஜ். இந்த ஒரு விஷயத்தில் நிதானம் வேண்டும். பெட்டியின் சோலார் உள்ளீட்டில் இரண்டு வரம்புகள் எழுதியிருக்கும், ஆம்பியர் ஒன்று, வோல்ட் ஒன்று. பேனல் தரக்கூடிய ஆம்பியர் கூடுதலாக இருந்தால் ஆபத்தில்லை, பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட் வரம்பைத் தாண்டினால் உள்ளீட்டுப் பகுதி எரிந்து போகலாம், வாரன்டியும் கைகொடுக்காது.

எங்கள் பேனல் ஒவ்வொன்றும் வேலை செய்யும்போது 20 வோல்ட், 8.8 ஆம்பியர் அளவில் தரும். சுமை இல்லாதபோது 24 வோல்ட். இணையாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்தால் 20 வோல்ட், 17.6 ஆம்பியர். ஈகோஃப்ளோ டெல்டா 2 போன்ற பெட்டியின் வரம்பு 15 ஆம்பியர், அதனால் 300 வாட்டோடு நின்றுவிடும். புளூட்டி ஏசி70-க்கு 10 ஆம்பியர்தான், எனவே 200 வாட். கூரையில் 350 வாட் இருந்தும் பயனில்லை. தொடராக (ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸோடு) இணைத்தால் 40 வோல்ட், 8.8 ஆம்பியர், இரண்டு பெட்டிகளுமே முழுதாக எடுத்துக்கொள்ளும். வயரில் போகும் நட்டமும் குறைகிறது. 4 சதுர மில்லிமீட்டர் வயர், கூரையிலிருந்து 5 மீட்டர் தூரம் என்றால் இணை இணைப்பில் சுமார் 14 வாட் வயரிலேயே சூடாகிப் போகும், தொடரில் மூன்றரை வாட்தான்.

ஆனால் குளிரில் பேனலின் வோல்டேஜ் ஏறும். 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 சதவீதம். தொடரில் சுமை இல்லாதபோது இரண்டு பேனலுக்கும் சேர்த்து 48 வோல்ட், மைனஸ் 10 டிகிரி காலையில் அது 53 ஆகிவிடும். டெல்டா 2-வின் வரம்பு 60 வோல்ட், ஏசி70-க்கு 58, ஆகவே பிழைத்துக்கொள்ளும். ஈகோஃப்ளோவின் இன்னொரு பெட்டியான ரிவர் 2 புரோவின் வரம்பு 50. கோடையில் சரியாக ஓடும் அதே இணைப்பு, உறைபனி விழுந்து வெயில் பளிச்சென்று அடிக்கும் ஜனவரிக் காலையில் அதைக் கொன்றுவிடும். சிறிய ரிவர் 2-க்கு வரம்பு வெறும் 30 வோல்ட், அதற்கு இணை இணைப்பைத் தவிர வேறு வழியே இல்லை. இப்படிப்பட்ட மூன்று பேனல்களைத் தொடராகப் போட்டால் 72 வோல்ட், மேலே சொன்ன எதுவும் தாங்காது. பெட்டி வாங்கும்போது கொள்ளளவுக்கு முன்பு இந்த எண்ணைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். தொடருக்கு மாறும் முன் வண்டியின் கன்ட்ரோலரும் அந்த வோல்டேஜைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுடையது 100 வோல்ட் வரை ஏற்கும். வோல்டேஜை மாற்றித் தராத மலிவான பிடபிள்யூஎம் வகையாக இருந்தால் தொடர் இணைப்பை மறந்துவிடுங்கள்.

தொடரில் நிழல் விழுந்தால் எல்லாம் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். எங்கள் அனுபவம் அப்படி இல்லை. மாலையில் டிவி ஆன்டெனாவின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழும்போது, செயலியில் 40 வோல்ட் சட்டென்று 30-க்கு இறங்கும், ஆம்பியர் அப்படியே நிற்கும். நிழல் பட்ட பாதியை பைபாஸ் டயோடு ஒதுக்கிவிட்டது என்று பொருள். மீதி முக்கால் பங்கு தொடர்ந்து வருகிறது. மரத்தடியில் நிறுத்தினால் கதை வேறு, எந்த இணைப்பும் காப்பாற்றாது.

எவ்வளவு கிடைக்கிறது? பேனலில் எழுதியிருக்கும் வாட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இங்கிலாந்தின் தெற்கே ஜூன் மாதம் படுக்கை வாக்குப் பரப்பில் ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோவாட்-அவர் அளவில் வெயில் கிடைக்கும், டிசம்பரில் அதில் பத்தில் ஒரு பங்கு. நட்டங்களைக் கழித்தால் எங்கள் 350 வாட்டுக்கு ஜூனில் 1,300 வாட்-அவர், டிசம்பரில் 130. லண்டனில் டிசம்பர் நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், படுத்திருக்கும் பேனலுக்கு நேரடி ஒளியில் கால் பங்குதான் வந்து சேரும். மறுபுறம், ஜூன் இறுதியில் ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் பக்கம் பகல் 18 மணி நேரம். அங்கே படுத்த பேனல் நன்றாகவே உழைக்கிறது, காலை ஆறு மணிக்கே பெட்டியில் எண் ஏற ஆரம்பித்துவிடும். உங்கள் ஊருக்கு எவ்வளவு என்று பார்க்க ஐரோப்பிய ஒன்றியத்தின் பிவிஜிஐஎஸ் தளம் இருக்கிறது, இலவசம். சாய்வு என்ற இடத்தில் சுழியம் போட்டுப் பாருங்கள்.

அதனால் எங்கள் பழக்கம் இது: கோடையில் காலையில் முதலில் வண்டி பேட்டரி, பத்து மணிவாக்கில் அது நிறைந்ததும் சுவிட்ச் பவர் ஸ்டேஷன் பக்கம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை சுவிட்சைத் தொடுவதே இல்லை, வரும் கொஞ்சமும் வண்டி பேட்டரிக்குத்தான். பவர் ஸ்டேஷனை முகாமின் ஏசி இணைப்பிலோ வீட்டிலோ நிரப்பிக்கொள்கிறோம்.

சமையலறைக் கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 110 வாட்-அவர் ஆகும். 300 வாட் சின்ன ரைஸ் குக்கரில் இரண்டு பேருக்குச் சாதம் வடிய அதைவிடச் சற்றுக் கூடுதல். 750 வாட் மிக்சியில் தேங்காய்ச் சட்னி இரண்டு நிமிடம், 25 வாட்-அவர்தான். மிக்சி கிளம்பும் கணத்தில் மட்டும் இழுப்பு எகிறும், 1,000 வாட்டுக்கு மேல் தரக்கூடிய பெட்டி என்றால் கவலையில்லை. பேட்டரியில் 1,024 என்று எழுதியிருந்தாலும் ஏசி வழியாக 850 வரைதான் கைக்கு வரும். ஏசி பட்டனை இரவில் அணைத்துவிடுங்கள், சும்மா இருக்கும்போதே 10 முதல் 20 வாட் குடிக்கும், விடிவதற்குள் ஒரு கெட்டில் தண்ணீர் போய்விடும்.

எல்எஃப்பி செல்களைச் சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. பெட்டி தானாகவே மறுத்துவிடும். வெளியே சாமான் அறையில் வைத்தால் குளிர்காலக் காலையில் கண்ணாடி போல வெயில் அடித்தும் சார்ஜ் ஏறாது. ஆகவே எங்களுடையது உள்ளே, மேசைக்கு அடியில், ராட்செட் பட்டையால் கட்டி இருக்கிறது. 12 கிலோ பெட்டி திடீர் பிரேக்கில் பறந்து வரக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை சுவிட்சின் திருகுகளை இறுக்கிப் பார்க்கிறேன். ஓட்டத்தின் அதிர்வில் அவை தளர்கின்றன, தளர்ந்த இடம்தான் சூடாகும். சுவிட்சை ஆஃபில் வைத்துவிட்டுத்தான் எந்த முனையையும் கழற்ற வேண்டும். வெயிலில் கரண்ட் ஓடும்போது எம்சி4-ஐ இழுத்தால் பொறி பறக்கும். புதிதாக இணைப்பவர்கள் எக்ஸ்டி60-ஐப் பெட்டியில் செருகும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பிளஸ் மைனஸையும் வோல்டேஜையும் பார்த்துவிடுங்கள். முடிந்தால் அதைக் குளிர்ந்த, வெயிலான காலையில் செய்யுங்கள், அன்றுதான் எண் உச்சத்துக்கு அருகில் இருக்கும்.