தினமும் ஓட்டும் பழைய ஹோண்டா சிவிக்: 12 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

புதிய காரை மதிப்பிடுபவருக்கு ஒரு வசதி உண்டு. அவர் ஓட்டிப் பார்த்த அதே காரைத்தான் வாசகரும் கடையில் வாங்கப் போகிறார். எனக்கு அந்த வசதி இல்லை. என்னிடம் இருப்பது 1991-இல் அறிமுகமான ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிவிக்கின் மூன்று கதவு ஹேட்ச்பேக். சேஸி குறியீட்டை வைத்து ரசிகர்கள் இதனை ‘ஈஜி’ என்று அழைப்பார்கள். தொழிற்சாலையை விட்டு வந்தபோது இதில் இருந்த இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்பிரிங்குகள், முன் பிரேக்குகள், சக்கரங்கள் ஆகியவற்றில் ஒன்றுகூட இன்று இதில் இல்லை. ஆகவே இந்த மதிப்புரையில் பாதி ஹோண்டா செய்த காரைப் பற்றியது. மறுபாதி அதில் நான் செய்த தவறுகளையும், அவற்றைப் பிறகு திருத்திக்கொண்ட விதத்தையும் பற்றியது. வீட்டில் வேறு கார் கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் உறையை விலக்கி வெளியே எடுக்கும் காரைப் புகழ்வது எளிது. திங்கட்கிழமை காலை மழையில் வேலைக்குப் போயே ஆகவேண்டிய காரைப் பற்றிச் சொல்லும்போது சொற்களை அளந்துதான் சொல்லவேண்டியிருக்கிறது.

அடிப்படைக் கார் நல்ல கார். நீளம் 4,070 மில்லிமீட்டர், முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,570 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ ஒரு டன். நான்கு சக்கரங்களிலும், ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் இருப்பதுதான் இதன் சிறப்பு. இந்த அளவுச் சிறிய காரில் அது எளிதில் கிடைக்கும் ஒன்றன்று. ஸ்பிரிங்கைச் சுமக்கும் ஸ்ட்ரட் என்னும் உயரமான தூண் தேவைப்படாததால் பானெட்டைத் தாழ்வாக அமைக்க முடிந்திருக்கிறது. அதனால் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தால் சாலை மிக அருகிலிருந்தே தெரியும். கண்ணாடிகளுக்கு இடையே கூரையைத் தாங்கும் தூண்கள் மெலிந்தவை. இன்றைய கார்களில் கேமராவைப் பார்த்துச் செய்யும் வேலையை இதில் கழுத்தைத் திருப்பியே செய்துவிடலாம். பின்கதவு இரண்டாகப் பிரிந்து, கண்ணாடிப் பகுதி மேலேயும் தகடு கீழேயும் திறக்கும். அந்தக் கீழ்த் தகட்டின் மேல் உட்கார்ந்து நனைந்த காலணியை மாற்றிக்கொள்வதற்காகவே இந்தக் காரை விற்காமல் வைத்திருக்கிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள்; முழுக்கப் பொய் என்று சொல்வதற்கில்லை.

நான் வாங்கியபோது இதில் 1.5 லிட்டர் ஒற்றை கேம் இன்ஜின் இருந்தது (கேம் என்பது வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு). குறை சொல்ல முடியாத இன்ஜின். அதை இறக்கிவிட்டு, ஹோண்டா 1989-இல் இன்டெக்ராவில் முதன்முதலாகப் பொருத்திய பி16ஏ என்னும் 1,595 சிசி இரட்டை கேம் இன்ஜினை ஏற்றினேன். லிட்டருக்கு 100 குதிரைத்திறன் என்பது டர்போ இல்லாத சாலைக் காரில் அன்று அரிதாக இருந்தபோது, இந்த இன்ஜின் 160 குதிரைத்திறனைத் தந்தது. ஈஜியின் உயர்ரக வடிவங்களில் ஹோண்டாவே இதைப் பொருத்தி விற்றிருப்பதால், மவுண்ட், டிரைவ் ஷாஃப்ட், கியர் லிங்கேஜ் எல்லாம் அதே குடும்பத்திலேயே கிடைக்கும். வெட்டி ஒட்டும் வேலை அநேகமாக இல்லை. இன்ஜின் மாற்ற விரும்பும் எவருக்கும் நான் சொல்வது இதைத்தான்: உற்பத்தியாளரே யோசித்து வைத்திருக்கும் வழியில் போனால், பத்து வருடம் கழித்தும் உதிரிபாகத்துக்கு ஒரு எண் இருக்கும்.

இந்த இன்ஜினைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் வேகத்துக்கு ஏற்ப வால்வுகள் திறக்கும் அளவை மாற்றும் விடெக் அமைப்பு விசை மாறும் நொடியைப் பற்றியே பேசுவார்கள். ஒவ்வொரு ஜோடி வால்வுக்கும் கேம் ஷாஃப்டில் மூன்று மேடுகள் உண்டு. நிமிடத்துக்குச் சுமார் 5,500 சுற்றுகளில் ஆயில் அழுத்தம், வால்வுகளை அழுத்தும் ராக்கர் கைகளுக்குள் இருக்கும் சிறு ஊசிகளைத் தள்ளி மூன்றையும் பூட்ட, அதன்பிறகு நடுவிலுள்ள உயரமான மேடு இரண்டு வால்வுகளையும் இயக்குகிறது. ஒலி சட்டென்று கரகரத்து உயரும். முள் 8,000-ஐத் தாண்டும் வரை இழுவை தளராது. உண்மைதான், மயிர்க்கூச்செறியும். ஆனால் ஒரு வாரத்தில் எத்தனை நொடிகள் அங்கே இருக்கிறேன் என்று கணக்குப் பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதி நேரமெல்லாம் 3,000 சுற்றுகளில், சிக்னலுக்குச் சிக்னல், சாதாரணக் கார்தான். அந்தச் சாதாரண நேரம் எப்படிக் கழிகிறது என்பதே தினசரிக் காரின் தகுதியைத் தீர்மானிக்கிறது. முதல் நான்கு ஆண்டுகளில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

உதாரணத்துக்குப் புகைக்குழாயைச் சொல்லலாம். இரண்டரை அங்குலக் குழாயும், பேருக்கு ஒரு சைலன்சரும் போட்டிருந்தேன். இந்த இன்ஜினுடன் வரும் கியர்பாக்ஸின் பல்சக்கர விகிதங்கள் குறுகியவை என்பதால், ஐந்தாம் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் சுமார் 3,400 சுற்றுகளில் ஓடும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் அது வினாடிக்கு ஏறத்தாழ 113 வெடிப்புகள். அந்த அதிர்வெண்ணில்தான் என் குழாயும் ஹேட்ச்பேக்கின் காலிப் பெட்டி போன்ற பின்பகுதியும் சேர்ந்து ரீங்கரித்தன. நெடுஞ்சாலையில் நியாயமான வேகம் எதுவோ, அங்கேதான் தலைவலியும் வந்து உட்கார்ந்தது. இரண்டு மணி நேரம் ஓட்டி இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். கடைசியில் குழாயிலிருந்து ஒரு மீட்டர் அளவில் முனை அடைத்த பக்கக்குழாய் ஒன்றைப் பற்றவைத்தோம். அதற்குள் போன ஒலியலை முனையில் மோதித் திரும்பி வந்து அந்த ஒரு சுருதியை மட்டும் அடித்துவிடுகிறது. நீளத்தை இரண்டு முறை வெட்டிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இந்தக் காரில் நான் செய்த மாற்றங்களிலேயே மிக அழகானது அதுதான், காருக்கு அடியில் படுத்தாலன்றி யாருக்கும் தெரியாது.

சஸ்பென்ஷன் கதை இன்னும் நீளம். தாழ்ந்த கார் அழகு என்ற நம்பிக்கையில், உயரத்தை மாற்றக்கூடிய காயில்ஓவர் என்னும் ஸ்பிரிங்-டேம்பர் தொகுதியை, முன்னால் ஒரு மில்லிமீட்டர் அமுங்கவே 10 கிலோகிராம் எடை தேவைப்படும் கடினமான ஸ்பிரிங்குடன் வாங்கிப் பொருத்தி, காரை ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் இறக்கினேன். நிறுத்தி வைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓட்டும்போது, வேகத்தடையைக் குறுக்காக ஏறினால் பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பும். சாலையில் கிடந்த ஒவ்வொரு ஒட்டும் முதுகெலும்பில் பதியும். இந்தக் காரின் டபுள் விஷ்போன் அமைப்பில் சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம் குறைவு. அதில் பாதியை நானே எடுத்துவிட்டு, பிறகு சாலையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு மாதத்தில் டயர்களின் உள்விளிம்பு கம்பி தெரியுமளவு தேய்ந்தது. காரை இறக்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்வதால் வரும் கேம்பர்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அளந்து பார்த்தபோது, சாய்வைவிடச் சக்கரங்கள் நேர்கோட்டிலிருந்து விலகி நின்ற டோ கோணமே டயரைத் தின்றிருக்கிறது என்று தெரிந்தது. சாய்வை அப்படியே விட்டு டோவை மட்டும் சரிசெய்ததும் அடுத்த ஜோடி டயர் முழு ஆயுள் உழைத்தது.

அதே காலத்தில் செய்த இன்னொரு பிழை, சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் உறைகளான புஷ்கள். பின்சக்கரத்தை முன்னிருந்து பிடித்திருக்கும் டிரெய்லிங் ஆர்மில் பெரிய ரப்பர் புஷ் ஒன்று உண்டு; இத்தனை வயதான காரில் அது வெடித்துத்தான் இருக்கும். ரப்பருக்குப் பதில் கெட்டியான பாலியூரித்தேன் போட்டால் கார் கூர்மையாகத் திரும்பும் என்பது பரவலான கருத்து. ஆனால் அந்த ஆர்ம் ஒரே தளத்தில் மட்டும் அசைவதில்லை. மேலே எழும்போது சற்றுப் பக்கவாட்டிலும் முறுக்கிக்கொள்ளும், ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும். பாலியூரித்தேன் இடம் கொடுக்காமல் பிடித்துக்கொள்ள, பின்பகுதி ஒவ்வொரு குழியிலும் முனகத் தொடங்கியது. இன்று அந்த இடத்தில் தொழிற்சாலை அளவிலேயே புதிய ரப்பர் இருக்கிறது. ஸ்பிரிங்குகளை முன்னால் 6, பின்னால் 4 என்று மாற்றி, காரை 25 மில்லிமீட்டர் மட்டுமே இறக்கி வைத்திருக்கிறேன். இப்போது இது சாலையோடு பேசிக்கொண்டே போகிற கார். முன்பு சண்டை போட்டுக்கொண்டு போனது.

பிரேக்கும் டயரும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முன்னால் 262 மில்லிமீட்டர் டிஸ்க், நல்ல பேட், புதிய ஹோஸ்; ஒரு டன் எடைக்கு இதற்குமேல் தேவையில்லை. டயர் 195/50 ஆர்15. பழைய 175/70 ஆர்13 டயரின் வெளிவிட்டம் 575 மில்லிமீட்டர், இதன் விட்டம் 576 என்பதால் வேகமானி பொய் சொல்வதில்லை. சக்கரத்தை மாற்றுபவர்கள் இந்த எளிய கணக்கை ஏன் போடுவதில்லையோ தெரியவில்லை.

எடையைக் குறைக்கிறேன் என்று ஏசியைக் கழற்றி வைத்தவர்களை அறிவேன். ஓராண்டுக்குள் அவர்கள் அனைவரும் இரண்டாவது கார் வாங்கினார்கள். நான் இன்ஜின் மாற்றும்போதே கம்ப்ரஸருக்கான பிராக்கெட்டைத் தேடி வாங்கி ஏசியைக் காப்பாற்றிக்கொண்டேன். பந்தய இருக்கை ஒன்று மட்டும் ஒன்றரை ஆண்டு இருந்தது; ஒரு நாளில் எட்டு முறை ஏறி இறங்குபவனுக்கு அதன் பக்கச் சுவர் தொடையில் நிரந்தரக் கன்றலைத் தந்தது. கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்கும் குழாய்ச் சட்டமான ரோல் கேஜ் இல்லாத காரில் நான்கு முனைப் பந்தய பெல்ட் அணிவது ஆபத்து என்று தெரிந்தபின் இரண்டையும் சேர்த்தே கழற்றிவிட்டு, பழைய இருக்கையையும் மூன்று முனை பெல்ட்டையும் திரும்பப் பொருத்தினேன்.

வயதின் தொல்லைகள் தனி. எரிபொருள் பம்புக்கு மின்சாரம் தரும் முதன்மை ரிலே என்னும் மின் சுவிட்ச் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் சூடாகியும் ஆறியும் அதன் ஈய இணைப்புகளில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்திருந்தது. வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. கண்ணாடிகளை இறக்கிவிட்டுச் சற்றுக் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் பிடிக்கும். முதல் முறை பெட்ரோலைச் சந்தேகித்தேன், இரண்டாம் முறை பம்பை. மூன்றாம் முறைதான் காது உதவியது. சாவியை இரண்டாம் நிலைக்குத் திருப்பியதும் பின் இருக்கைப் பக்கமிருந்து இரண்டு வினாடிகள் மெல்லிய ‘ம்ம்’ என்ற ஓசை வந்து, பிறகு ஒரு ‘டிக்’ கேட்க வேண்டும்; அன்று அது கேட்கவில்லை. ரிலேயைத் திறந்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, இரண்டு இணைப்புகளை மறுபடி ஈயம் வைத்ததோடு தொல்லை தீர்ந்தது. அன்றிலிருந்து அந்த இரண்டு வினாடிகளைக் கேட்காமல் நான் சாவியை மேலும் திருப்புவதில்லை. பின்சக்கர வளைவுகளில் துருவும் இப்படித்தான்: உள்மடிப்பில் சேறு தங்கினால் வெளியே பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரியும், அது தெரியும்போது உள்ளே காரியம் முடிந்திருக்கும். ஆண்டுக்கு இருமுறை மடிப்பைக் கழுவி மெழுகு அடிக்கிறேன்.

மறைக்கக் கூடாத குறை ஒன்று இருக்கிறது. கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் மோதல் சோதனை முடிவுகள் 1997-இல் வெளிவரத் தொடங்குவதற்கு முன்பே வடிவமைக்கப்பட்ட கார் இது. என் காரில் ஏர்பேக்கும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. மெலிந்த தூண்களால் கிடைக்கும் பார்வைக்கு விலை அதுதான். நான் மட்டும் ஓட்டும்போது அந்த விலை எனக்குச் சம்மதம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இரவில் நெடுந்தூரம் போகவேண்டி வந்தால் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன். இன்ஜின் மாற்றத்தைப் பதிவிலும் காப்பீட்டிலும் முறைப்படி எழுதிவைப்பதும் இதே கணக்கில் சேரும். எழுதாமல் ஓட்டுபவர் விபத்து நடக்கும் நாள்வரை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொள்கிறார்.

வாங்கலாமா என்று கேட்பவருக்கு: மற்றவர் மாற்றியமைத்த ஈஜியை வாங்காதீர்கள், என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். துருப்பிடிக்காத, யாரும் கைவைக்காத சாதாரண 1.5 லிட்டர் கார் கிடைத்தால் வாங்கி, ஓராண்டு அப்படியே ஓட்டுங்கள். புஷ், ஹோஸ், ரேடியேட்டர், வயரிங் நான்கையும் முதலில் புதுப்பியுங்கள். அதற்குப் பிறகும் இன்ஜின் மாற்றும் ஆசை மிச்சமிருந்தால் மாற்றுங்கள். அநேகருக்கு இருக்காது. எனக்கு இருந்தது.

சென்ற ஆண்டு, கேம் ஷாஃப்ட்களைச் சுழற்றும் டைமிங் பெல்ட்டை மாற்றும் தவணை வந்தது. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டிவிடும் என்பதால் அதில் தள்ளிப்போடும் பேச்சே இல்லை. வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றி, வால்வு இடைவெளிகளையும் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளால் அளந்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளுக்கு நண்பரின் புதிய காரைக் கடன் வாங்கியிருந்தேன். முதல் நாள் காலை அதில் ஏறிப் பொத்தானை அழுத்திவிட்டு, தலையைச் சற்றுப் பின்பக்கம் சாய்த்து ஓசைக்காகக் காத்திருந்தேன். ஏதாவது கோளாறா என்று நண்பர் வாசலிலிருந்து கேட்டபோதுதான், இன்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.