கரிசல் சகதியில் எது கைகொடுக்கும்? ஜிம்னி, தார், பொலேரோ

சேற்றுப் பாதையில் ஓட்டிப் பழக மாருதி ஜிம்னி, மஹிந்திரா தார், மஹிந்திரா பொலேரோ மூன்றில் எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் பாதை என்ன மண் என்பதுதான். எங்கள் திருநெல்வேலி வட்டாரத்தில் மானூர், தேவர்குளம், வன்னிக்கோனேந்தல் பக்கம் கரிசல். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் வாய்க்கால் கரையும் வயல் தொளியும். ராதாபுரம், திசையன்விளை பக்கம் செம்மண், அதைத் தாண்டினால் தேரி மணல். ஐப்பசி மழை இறங்கியதும் இந்த மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். குதிரைத்திறனை மட்டும் பார்த்து வண்டி எடுக்கிறவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

பொலேரோவில் தொடங்கலாம். ஊர்ப்பக்கம் பல வீட்டு வாசலில் ஏற்கனவே நிற்கிற வண்டி அது. 76 பிஎஸ் (குதிரைத்திறன்) டீசல், 180 மி.மீ. தரை இடைவெளி, இயக்கம் பின்சக்கரங்களுக்கு மட்டும். செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் உள்ளே விட்டுவிடும். மழை விட்டு ஒரு பொழுது வெயில் அடித்தால் அந்தப் பாதையில் பொலேரோ தாராளமாகப் போகும். பின்னால் நாலு உர மூட்டை கிடந்தால் பிடிப்பு இன்னும் கூடும். ஆனால் கரிசலில் கதை வேறு. ஒரு பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால் விசையெல்லாம் அந்தப் பக்கமே போய்விடும், மற்ற சக்கரம் சும்மா நிற்கும். அதற்குமேல் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பள்ளம்தான் ஆழமாகும்.

கரிசல் ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அது களிமண் மிகுந்த மண். நீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஈரத்தில் டயர் பள்ளங்களுக்குள் ஏறி அப்பிக்கொள்ளும். நாலு சுற்று சுற்றினால் போதும், டயர் மாவு பிசைந்த கை மாதிரி ஆகிவிடும். அப்புறம் மண்ணைக் கவ்வ அதில் ஒன்றும் இருக்காது. மேலே நாலு விரல் சகதி, அடியில் கெட்டித் தரை என்றால் ஒல்லியான டயர் சகதியை வெட்டிக்கொண்டு கீழே போய்ப் பிடித்துக்கொள்ளும். அடியும் இளகிவிட்டால் அகலமான டயர்தான் மேலே மிதந்து போகும். அங்கே பாரமான வண்டி புதையும்.

நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் (4x4) ஜிம்னியும் தாரும் பிரிகிற இடம் இதுதான். 2023 ஜூனில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னி ஏறக்குறைய 1,200 கிலோ. டயர் அகலம் 195 மி.மீ. தார் 4x4 எடை 1,700 கிலோவுக்கு மேல். 18 அங்குலச் சக்கரம் வரும் வண்டிகளில் டயர் அகலம் 255. தரை இடைவெளி ஜிம்னிக்கு 210, தாருக்கு 226. ஜிம்னி பெட்ரோல் 105 பிஎஸ், தார் 2.2 டீசல் 130 பிஎஸ், 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. தாள் கணக்கில் தார்தான் பெரியது. ஆனாலும் புதுசாகப் பழகுகிறவருக்கு நான் ஜிம்னியைத்தான் சொல்வேன். எடை குறைந்த வண்டி சிக்கினாலும் ஆழமாகப் புதையாது. மம்பட்டியால் முன்னே கொஞ்சம் வெட்டி, சக்கரத்துக்கு அடியில் சாக்கோ பனை ஓலையோ போட்டு, மூன்று பேர் தள்ளினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். தார் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டால் டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

தாரின் பலத்தையும் மறைக்கக் கூடாது. வழுக்குகிற சக்கரத்தைச் சமாளிக்க ஜிம்னி பிரேக்கை நம்புகிறது: சுற்றுகிற சக்கரத்தை அதுவே பிடித்து, விசையை மறுபக்கம் தள்ளும். அது வேலை செய்ய ஒரு கணம் எடுக்கும். பயந்து காலை எடுத்துவிடாமல் ஆக்சிலரேட்டரை ஒரே சீராக வைத்திருக்க வேண்டும். தாரில் பின் அச்சுக்கு மெக்கானிக்கல் லாக் இருக்கிறது. இரு சக்கரங்களின் வேகம் மாறியதும் அதுவே பூட்டிக்கொள்ளும். டிராக்டர் உழுதுபோட்ட தடத்தில் ஒரு சக்கரம் தொங்கினால் இதன் அருமை தெரியும். ஆனால் எல்லா வகைத் தாரிலும் அது கிடையாது, கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, 2023 ஜனவரியில் வந்த 1.5 லிட்டர் டீசல் தார் பின்சக்கர இயக்கம் மட்டுமே. வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய வண்டி வாங்கினால் கியர் பக்கத்தில் இரண்டாவது லிவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வாய்க்கால் கரைக்கு எந்த வண்டி என்று பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை, ஒல்லியான ஜிம்னிதான். ஜிம்னி 1,645 மி.மீ. அகலம், பொலேரோ 1,745, தார் 1,820. ஒரு பக்கம் கன்னடியன் கால்வாய், மறுபக்கம் பிசான நெல் என்றிருக்கும் கரையில் அந்த ஒரு சாண் பெரிய விஷயம். எதிரே வைக்கோல் வண்டி வந்தால் இன்னும் பெரிய விஷயம். ஓடையும் தாம்போதியும் என்றால் 650 மி.மீ. ஆழம் தாங்கும் தார் முன்னே நிற்கும். ஆனால் ஓடுகிற தண்ணீரில் பழகுநர் எந்த வண்டியிலும் இறங்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிக் கரையில் இருந்த எல்லாருக்கும் தண்ணீரின் வேகம் தெரியும்.

தேரியில் ஓடுவது தனி வித்தை. அங்கே காற்றைக் குறைத்து, டயரைத் தரையில் பரத்தி, நிற்காமல் போக வேண்டும். எடை குறைந்த ஜிம்னிக்கு அங்கும் லாபம்.

வண்டியைவிட டயருக்குச் செலவழிப்பது பல நேரம் நல்ல பலன் தரும். ஜிம்னியோடு வருவது தார்ச்சாலைக்கான டயர். கரிசலுக்கு அது போதாது. ஏ.டி. எனப்படும் எல்லா நிலத்துக்குமான டயர் மாற்றினால் அன்றாடத் திருநெல்வேலி ஓட்டத்துக்கும் சகதிக்கும் ஒத்துவரும். மட் டயர் அப்பிய மண்ணைத் தானே உதறும், ஆனால் சாலையில் இரைச்சல், நனைந்த தார்ச்சாலையில் பிடிப்பும் குறைவு. வாரத்தில் ஆறு நாள் சாலையில் ஓடுகிற வண்டிக்கு அது வேண்டாம். சகதியில் 20 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்கலாம். திரும்பச் சாலை ஏறும்முன் நிரப்பச் சின்ன கம்ப்ரசர் கையில் வேண்டும். பாதை ஓரம் உடை முள் கிடந்தால் காற்றை ரொம்பக் குறைக்காதீர்கள். பிதுங்கி நிற்கும் டயரின் பக்கச்சுவரில் முள் ஏறினால் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

எந்த வண்டியானாலும் சந்தேகமான இடத்தில் இறங்கி நடந்து பாருங்கள். செருப்பு புதைகிற ஆழம் நிறையச் சொல்லும். சகதிக்குள் போன பிறகு அல்ல, போகும்முன்பே 4எல் (நான்கு சக்கரமும் மெதுவாக, கூடுதல் விசையோடு சுற்றும் நிலை) போட்டு, இரண்டாம் கியரில் ஒரே சீராகப் போங்கள். காய்ந்த தார்ச்சாலைக்கு வந்ததும் 2எச்சுக்கு (பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் நிலை) மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும். வீட்டுக்கு வந்ததும் ரிம்மின் உட்பக்கக் கரிசலைக் கழுவுங்கள். காய்ந்து இறுகினால் அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே ஸ்டியரிங் ஆடும்.

வீட்டில் பொலேரோ இருந்து, பாதை செம்மண் என்றால் புது வண்டியே வேண்டாம், நல்ல ஏ.டி. டயரும் இழுவைக் கயிறும் போதும். டிரெய்லர் இழுக்கணும், ஓடை கடக்கணும், கூட இன்னொரு வண்டியும் வரும் என்றால் தார். தனியாக, கரிசலிலும் வாய்க்கால் கரையிலும் ஓட்டிப் பழகப் போகிறவர் ஜிம்னியை எடுத்து, மிச்சப் பணத்தில் டயரை மாற்றிவிட்டு, மழை விட்ட மறுநாள் பகலில் முதல் ஓட்டத்துக்குக் கிளம்பலாம்.